இருபத்தேழாம் நாள்

என்னிடம் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் நேரில் வர வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் என் சட்டம். மின்னஞ்சலில் கேட்டால் பதில் போடமாட்டேன். தொலைபேசியில் கேட்டால், "சனிக்கிழமை காலமை வீட்டை வாங்கோ" என்று சொல்லி வைத்துவிடுவேன். வருகிற பிள்ளை என் மேசைக்கு எதிரே கதிரையில் இருந்து, ஏன் மேற்படிப்புக்குப் போக விரும்புகிறார், ஏன் அந்தப் பல்கலைக்கழகம், ஏன் அந்தத் துறை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் நான் கடிதத்தை அனுப்புவேன்.

பிள்ளைகள் இதற்கு 'மிஸ்ஸின்ரை வைவா', அதாவது வாய்மொழிப் பரீட்சை, என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கோபக்காரி என்பதும், கடிதத்தைக் கடைசி நாளில்தான் அனுப்புவேன் என்பதும் அவர்களுக்குள் பரவியிருந்த மற்றச் செய்திகள். இரண்டும் உண்மைதான்.

இந்தச் சட்டம் சும்மா வந்ததல்ல. நான் பொறியியல் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் மூன்று பெண்கள். இறுதியாண்டு முடிந்ததும் என் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் பேராசிரியரிடம் போனார். நானும் கூடப் போனேன். இருவரும் விறாந்தையில் இருந்து, என்னை வெளிநாட்டுக்கு அனுப்புவதா, அனுப்பினால் எந்த நாடு, எத்தனை வருடம், திரும்பி வரும்போது எனக்கு என்ன வயதாகியிருக்கும் என்றெல்லாம் கதைத்தார்கள். நான் தூணோடு நின்றேன். கடைசியில் பேராசிரியர் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார், அப்பா எழுந்து கும்பிட்டார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் போக விருப்பம் இருந்தது என்பது என்னுடைய அதிர்ஷ்டம். விருப்பம் இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

கலாநிதிப் பட்டத்தோடு திரும்பி வந்து விரிவுரையாளரானேன், பிறகு முதுநிலை விரிவுரையாளர், பிறகு பேராசிரியர். ஒவ்வொரு பதவி உயர்வு நேர்முகத்திலும் என் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிக் கேட்டதைவிட என் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் அதிகம் கேட்டார்கள். என்னிடம் வருகிற பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லட்டும் என்று நான் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான் அது, அதைச் சொல்லிவிட்டே மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

வெளியாருக்கு இந்த விண்ணப்ப விவகாரம் விளங்காது. வெளிநாட்டில் முதுமாணிப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ போவதென்றால் புள்ளிச் சராசரி அவர்கள் சொல்லும் எல்லைக்கு மேலே இருக்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டும். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மூன்று பேர் பரிந்துரைக்க வேண்டும், அதில் ஒருவர் இறுதியாண்டு ஆய்வை மேற்பார்வை செய்தவராக இருந்தே ஆக வேண்டும். பிள்ளை எங்கள் மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்தால் அங்கிருந்து ஓர் இயந்திரம் எங்களுக்கு இணைப்பு அனுப்பும். இந்த மாணவர் நூறில் முதல் ஒருவரா, முதல் ஐவரா, முதல் பத்துப்பேரா என்று கட்டத்தில் அடையாளம் போடச் சொல்லும். மனிதரை வெங்காயம்போலத் தரம் பிரிக்கும் அந்தக் கட்டங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். மூன்றில் ஒரு கடிதம் வராவிட்டாலும் விண்ணப்பம் முழுமையற்றது. முழுமையற்றதை ஒருவரும் திறந்தும் பார்க்கமாட்டார்கள்.

நான் சொல்ல வந்த பிள்ளைக்கு ஊர் சண்டிலிப்பாய். தகப்பன் தோட்டம் செய்தவர், புகையிலையும் வெங்காயமும். நான் படிப்பிப்பது நிலத்தடி நீர். இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் என்னிடம் வந்தாள். தங்கள் ஊரிலும் சுற்றுவட்டத்திலுமாக நாற்பது கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரு வருடத்துக்குக் கிட்ட ஞாயிறு தவறாமல் அளந்தாள். நாடாவும் நுனியில் கட்டிய ஈயக்குண்டும் சைக்கிளுமாகத் திரிந்தாள். மாரிகாலத்து ஞாயிறொன்றில் அளவெடுக்காமல் விட்டிருப்பாள் என்று நினைத்துக் கொப்பியைக் கேட்டேன். நனைந்து ஊறிய தாளில் நாற்பது எண்களும் இருந்தன.

பரீட்சைகளில் அவள் அவ்வளவு கெட்டியில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்ட எல்லைக்கு மேலே அவளுடைய சராசரி மயிரிழையில் நின்றது. ஆனால் அங்கே நிலத்தடி நீர் ஆய்வுகூடம் நடத்தும் பேராசிரியர் எனக்குத் தெரிந்தவர். அவளுடைய கிணற்று அளவுகளைப் பார்த்துவிட்டு அவர் எனக்கு எழுதினார்: முழு உதவித்தொகையோடு ஓர் இடம் இருக்கிறது, புள்ளி குறைவு என்று தேர்வுக்குழு தயங்கும், மேற்பார்வையாளரின் கடிதம் பலமாக இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, எல்லாம் என் கடிதத்தில் தொங்கியது. அவளுக்கும் அது தெரியும்.

நான் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். அவ்வளவு மனதார நான் எழுதிய கடிதங்கள் ஐந்தோ ஆறோதான் இருக்கும். அவள் ஆங்கிலப் பரீட்சையும் எழுதி முடித்திருந்தாள். கொழும்புக்குத் தகப்பன்தான் கூட்டிக்கொண்டு போனார், அவள் எழுதி முடிக்கும்வரைக்கும் மண்டபத்துக்கு வெளியே மதில் ஓரமாக நின்றாராம். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் ஒரு சனிக்கிழமை உடுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து என் கதிரையில் இருந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் மகனின் கலியாணம் வந்தது. நான் மூன்று கிழமை விடுமுறை எடுத்திருந்தேன். அவளுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். "கலியாணம் முடியட்டும், அதுக்குப் பிறகு வாற ஒரு சனிக்கிழமை வாங்கோ" என்றும் சொல்லியிருந்தேன். அவளும் "ஓம் மிஸ்" என்றாள்.

எங்கள் வீட்டில் பொன்னுருக்கல் நடந்தது. தாலிக்கு நல்ல நேரத்தில் பொன்னை உருக்கிவிட்டால் கலியாணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டார் செத்தவீட்டுக்குப் போவதில்லை, செத்தவீட்டார் அங்கே வருவதும் இல்லை. பொன்னுருக்கி இரண்டாம் நாள் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள்: அவளின் அப்பா விடிய தோட்டத்துக்கு நீர் இறைக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகமுன்பே முடிந்துவிட்டது.

நான் எழுந்து சேலையை மாற்றப் போனேன். என் கணவர் வாசலில் நின்றார்.

"எங்கை வெளிக்கிடுறீர்?"

"சண்டிலிப்பாய்க்கு. ஒரு அரை மணித்தியாலம்."

"பொன்னுருக்கியாச்சு. பந்தல் போட்டிருக்கு. இப்ப செத்தவீட்டுக்குப் போய்ட்டு வந்து இந்த வீட்டுக்குள்ளை கால் வைப்பீரோ?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மண்ணையும் நீரையும் சமன்பாடுகளில் எழுதிப் பிழைப்பவள் நான். இருந்தாலும் சேலையை மாற்றவில்லை. நாளைக்கு என் மருமகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பழி என் தலையில்தான் விழும் என்று பயந்தேன். ஊரார் முன்னால் நிற்கவும் பயம். பேராசிரியர் என்று பெயர்ப்பலகை போட்டிருந்தாலும் மாப்பிள்ளையின் தாய் மாப்பிள்ளையின் தாய்தான். நான் போகவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. ஒன்பதாம் நாள், அதாவது அவளுடைய தகப்பன் இறந்து ஒன்பதாம் நாள், எனக்கு அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அப்பா காலமான செய்தியை எழுதி, கலியாணத்துக்கு வரமுடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு, முப்பத்தொன்று முடிந்ததும் நேரில் வந்து சந்திப்பதாகச் சொல்லியிருந்தாள். கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எங்கள் பகுதியில் செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு என்போம், முப்பத்தொரு நாள். கடைசி நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை செத்தவீட்டார் கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியம் நடக்கும் வீட்டுப் படலை தாண்டுவதும் இல்லை. எனக்கு இது தெரியாததா? விண்ணப்பத்தின் கடைசி நாளும் எனக்குத் தெரியும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அது இருபத்தேழாம் நாளில் வந்தது, ஒரு சனிக்கிழமை.

அப்போது நான் நினைத்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன். தகப்பன் போய்விட்டார், தாயும் இரண்டு தம்பிமாரும் இருக்கிறார்கள், இனி இவள் எங்கே வெளிநாட்டுக்குப் போகப்போகிறாள், இந்த வருடத்தை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். போக எண்ணமிருந்தால் ஒரு வரி கேட்டிருப்பாளே என்றும் நினைத்தேன். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்ட நான், அவளைக் கேட்காமல் அவளுக்காக நானே முடிவெடுத்துக்கொண்டு இருந்தேன். விறாந்தையில் அப்பாவும் பேராசிரியரும் செய்ததும் இதுதான்.

இருபத்தைந்தாம் நாள் நான் பொறியியல் பீடத்தில் இருந்தபோது இயந்திரத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. உங்கள் கடிதம் இன்னும் கிடைக்கவில்லை. இணைப்பைத் திறந்தேன். கடிதம் கணினியிலேயே இருந்தது. ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம் போதும். நூறில் முதல் ஒருவர் என்ற கட்டத்தில் அடையாளம்கூடப் போட்டுவிட்டேன். பிறகு மூடினேன். வரட்டும், வந்து சொல்லட்டும், இல்லாவிட்டால் ஒரு போன் எடுத்தாவது சொல்லட்டும் என்றொரு வீம்பு. போன் எடுத்துச் சொன்னால் ஏற்கமாட்டேன் என்று நானே சொல்லித் திரிந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. நான் அவளுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம் என்பதும் வரவில்லை. வந்தது, ஆனால் புதுப் பொம்பிளை வந்திருக்கிற வீட்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு முன் செத்தவீட்டுக்கு என்ன கதை என்று கணவர் சொன்னது அதற்கு மேலால் வந்து நின்றது.

சனிக்கிழமை மத்தியானம்வரை என் அறையிலேயே இருந்தேன். படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். மரக்கறிக்காரர் வந்தார், பந்தல்காரர் விட்டுப்போன கயிற்றை எடுக்க வந்தார். அவள் வரவில்லை. அந்த நாட்டில் சனி நள்ளிரவு எங்களுக்கு ஞாயிறு காலை பத்தரை. அந்த நேரம் நாங்கள் வட்டுக்கோட்டையில் கணவரின் சகோதரி வீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் வைத்த விருந்தில் இருந்தோம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு வடை எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து, வீட்டுக்கிருத்தியமும் முடிந்திருந்தது. தலைக்கு முழுகி, வெளிர்நிறச் சட்டை போட்டிருந்தாள். மிகவும் மெலிந்திருந்தாள். கையில் பூப்போட்ட தாள் சுற்றிய பெட்டி ஒன்று.

"கலியாணத்துக்கு வரேலாமப் போச்சு மிஸ்" என்று அதை நீட்டினாள்.

"இதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை இந்த நேரத்திலை?"

"அப்பா இருக்கேக்கை வாங்கினது மிஸ். அவர்தான் கடையிலை தெரிஞ்செடுத்தவர்."

பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். செத்தவீட்டுக்குப் போகாத கைகளால் வாங்கினேன். அவள் எதிர்க் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

"நான் முதலே வந்து சொல்லியிருக்க வேணும் மிஸ். துடக்கோடை கலியாணவீட்டுக்கு வரக்கூடாதுதானே. நீங்கள் கடிதம் போட்டிருப்பீங்கள், அது எனக்குத் தெரியும். எண்டாலும் எல்லாரும் சொல்லிப்போட்டு வாங்கின கடிதத்தை நான் மட்டும் சொல்லாமல் வாங்கினால் சரியில்லை. அதுதான் வந்தனான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "சொல்லுங்கோ" என்றேன். இந்த வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அவள் சொல்லத் தொடங்கினாள். எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வரவில்லை, இடைக்கிடை நின்று யோசித்துச் சொன்னாள்.

"எங்கடை கிணத்திலை தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கெண்டு அப்பா துலாவாலை இறைச்ச காலத்திலையிருந்து கண்ணாலை பாத்தே சொல்லுவார் மிஸ். நான் நாடா போட்டு அளப்பன். ரெண்டு அங்குலத்துக்கு மேலை வித்தியாசம் வந்ததில்லை. ஒருநாள் கேட்டார், நீ என்ரை கண்ணுக்குத் தெரியிறதைத்தானே அளக்கிறாய், அது ஏன் வருசத்துக்கு வருசம் கூட இறங்குது எண்டு சொல்லுவியோ எண்டு. எனக்குத் தெரியேல்லை. கீழை கல்லுக்குள்ளை தண்ணி எந்தப் பக்கத்தாலை போகுது, ஆரின்ரை கிணறு ஆரின்ரை கிணத்தை இழுக்குது, ஒண்டும் தெரியேல்லை. எனக்கு அளக்கத் தெரியும் மிஸ். ஏனெண்டு சொல்லத் தெரியாது. அதைப் படிக்கத்தான் நான் போகவேணும்."

இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கதிரையில் இருந்து எத்தனையோ பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னேன்.

"பிள்ளை, நான் கடிதம் போடேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள்.

"கடைசி நாள் போன சனி மிஸ்."

"ஓம்."

"பதினைஞ்சாம் நாள் போலை இணையத்திலை பாத்தனான். ரெண்டு கடிதம் வந்திருந்தது, உங்கடை வரேல்லை. நீங்கள் கடைசி நாள்தான் போடுறனீங்கள் எண்டு எல்லாரும் சொன்னவை. அதுக்குப் பிறகு நான் பாக்கேல்லை. போன் எடுக்கத்தான் நினைச்சனான். செத்தவீட்டிலையிருந்து கலியாணவீட்டுக்குப் போன் எடுக்கக்கூடாதெண்டு அம்மா சொன்னவ."

நான் என் பக்கத்துக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். வர நினைத்தேன், பொன்னுருக்கியிருந்தது, நீங்கள் இந்த வருடம் போகமாட்டீர்கள் என்று நினைத்தேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. நடுவிலே மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பிள்ளை அதைக் குடித்தாள், மிச்சம் வைக்காமல் குடித்தாள். அழவில்லை. எழுந்து கதிரையை உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றைத்தான் சொன்னாள்.

"நான் சொல்லத் தொடங்கமுன்னம் நீங்கள் இதைச் சொல்லியிருக்கலாம் மிஸ்."

திங்கட்கிழமை அந்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கடிதத்தையும் இணைத்து அனுப்பினேன். துடக்கு என்றால் என்ன, பொன்னுருக்கல் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்குவதற்கு எனக்கு அரைநாள் பிடித்தது. எழுதி முடித்து வாசித்தபோது, வேறெங்கோ உள்ள மூடர் இருவரின் கதைபோல இருந்தது. அவர் இரண்டு வரியில் பதில் போட்டார். மிகவும் வருந்துகிறேன், முழுமையற்ற விண்ணப்பங்களை எங்கள் அமைப்பு ஏற்பதில்லை, இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் பீடத்தின் பட்டப்பின்படிப்புக் கைநூலில் அதே வசனம் இருக்கிறது, அதை எழுதியவள் நான். அந்த ஒரு வசனத்தைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த வருடம் அவளுக்காகக் கடிதம் எழுதத் தயார் என்று இரண்டு முறை மின்னஞ்சல் போட்டேன். நன்றி மிஸ் என்று இரண்டு முறையும் பதில் வந்தது, இணைப்பு ஒன்றும் வரவில்லை. அந்த ஆய்வுகூடத்தில் உதவித்தொகை இடமும் அந்த வருடம் இருக்கவில்லை. அவள் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், மூத்த தம்பி தோட்டத்தைப் பார்க்கிறான் என்று தோழி சொன்னாள். இப்போது நான் ஒருவரையும் சனிக்கிழமை வரச்சொல்வதில்லை. இணைப்பு வந்த அன்றே கடிதத்தைப் போட்டுவிடுகிறேன். மிஸ்ஸுக்கு வயது போய்விட்டது என்று பிள்ளைகள் கதைப்பதாகக் கேள்வி.

இந்த வருடம் எங்கள் பீடத்தின் முதுமாணிக் கற்கைக்கு விண்ணப்பங்கள் வந்தன. வார இறுதி வகுப்புகள், வேலை செய்பவர்களுக்கானது. தெரிவுக்குழுவுக்கு நான் தலைவர். நாங்கள் மூவர் மேசையைச் சுற்றி இருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். நாலாவது அவளுடையது.

பட்டச் சான்றிதழ் இருந்தது. வேலைச் சான்று இருந்தது. பரிந்துரைப்பவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், ஒருவர் அவளுக்கு நீரியல் படிப்பித்த விரிவுரையாளர், மற்றவர் அவளுடைய அலுவலகப் பொறியியலாளர். கடிதங்கள் இரண்டும் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே வந்து சேர்ந்திருந்தன. விரும்பும் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாள். நிலத்தடி நீருக்கு இந்தப் பீடத்தில் வேறு ஆளில்லை.

ஏன் இந்தத் துறையில் மேற்படிப்பை விரும்புகிறீர்கள் என்று கேட்டு ஒரு முழுப் பக்கம் விட்டிருப்போம். அதில் ஒரு வரிதான் இருந்தது: இதை மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன்.

குழுவில் இளையவர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் வெறுமை.

"இதை முழுமையானதெண்டு எடுக்கேலாதே மிஸ்" என்றார். "விதியின்படி திருப்பி அனுப்பவேணும்."

"முழுமையானது" என்றேன். "என்னட்டைச் சொன்னவள்தான்."